பெட்டிக்கு வைத்த பொட்டு

மில்லில் நான் சொல்வதை யாரும் உடனே நம்பிவிட மாட்டார்கள். அந்தப் பெயரை நானேதான் சம்பாதித்துக்கொண்டேன். எதுவரை படித்தாய் என்று கேட்டால், மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்தேன், ஆக ஆறாம் வகுப்பு என்பேன். ஒரு சித்திரை மாத மதியம், நூல் சுற்றுகிற பெண்கள் நின்று நின்று கால் வீங்கிப்போயிருப்பதைப் பார்த்துவிட்டு, பஞ்சு குடோனில் பாம்பு புகுந்துவிட்டது என்று சத்தம் போட்டேன். அரை மணி நேரம் வேலை நின்றது. மேனேஜர் கம்பை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். பின்னால் போன பெண்கள் பாம்பைத் தேடுகிற சாக்கில் பஞ்சு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்கள். பாம்பு எங்கே என்று மேனேஜர் கேட்டதற்கு, உங்களைப் பார்த்துப் பயந்து ஓடியிருக்கும் சார் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் வாயைத் திறந்தாலே அவர் சிரிக்கத் தயாராகிவிடுவார்.

மில் அகரத்துக்குப் பக்கத்தில், தாடிக்கொம்பு போகிற ரோட்டின் மேல் இருக்கிறது. பஞ்சு உள்ளே போய் நூலாக வெளியே வரும். பதினெட்டு வருடமாக அங்கே கூட்டுவதும் துடைப்பதும் என் வேலை. முன்னால் கூட்டிக்கொண்டே போனால் பின்னால் பஞ்சுத் தூசி வந்து உட்கார்ந்துகொள்ளும். வேலை ஒருநாளும் தீராது, அதனால் என் வேலையும் போகாது என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

அதே கம்பெனியின் ஹெட் ஆபீஸ் திண்டுக்கல் டவுனில். என் மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது நான் மேனேஜரிடம் சொல்லி வைத்ததால்தான். அவள் பாலிடெக்னிக் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கிற வேலை பார்த்தாள். கட்டிக்கொண்டவன் துபாய்க்குப் போனான். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். பிறகு மூன்று வருடமாக ஒன்றுமில்லை. மகளும், எட்டு வயதுப் பேத்தியும் ஒரு பீரோவோடு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

ஆறு மாதம் பார்ப்போம், முதலாளிக்குத் திருப்தியாக இருந்தால் நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த வேலை நிலைத்தால் பேத்தி அகரத்திலேயே படிப்பாள், மூன்று பேரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடலாம். நிலைக்காவிட்டால் மகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வேறு ஊர் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்தில் அவள் படிப்புக்கு வேறு வேலை கிடையாது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

ஐந்தாவது மாதம் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. ரோட்டில் குழாய் போடத் தோண்டியவர்கள் மில்லுக்கு வருகிற கேபிளை வெட்டிவிட்டார்கள். பில் எல்லாம் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும். பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. ஒரு பகல் முழுக்க நூல் லாரிகள் வரிசையாக நின்றன. இத்தனைக்கும் தண்ணீர் டேங்க் மேல் ஒரு குட்டி டிஷ் வைத்து, சின்னாளபட்டி குடோன் வழியாக இன்னொரு இணைப்பும் இருந்தது. வழி இருந்தும் எதுவும் அந்த வழியாகப் போகவில்லை. இனி இப்படி நிற்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். மகள் தலையில் வந்து விழுந்தது.

அவள் அதை எனக்கு விளக்கியது கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது. மில்லில் ஒன்று, ஹெட் ஆபீசில் ஒன்று, குடோனில் ஒன்று என்று மூன்று இடத்திலும் தட்டையாக ஒரு பெட்டி இருக்கிறது, அதற்கு சுவிட்ச் என்று பெயர் என்றாள். அறுபது வருடமாக சுவிட்ச் என்றால் சுவரில் இருப்பது, தட்டினால் விளக்கு எரியும் என்று நினைத்திருந்தவள் நான். இந்தப் பெட்டியின் முகத்தில் வரிசையாக ஓட்டைகள், ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு வயர், வயருக்கு மேல் கண் சிமிட்டுகிற பச்சை விளக்கு. மூன்று பெட்டிக்கும் எந்த ஊருக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று முன்னால் யாரோ கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வழி அறுந்து போனாலும் பெட்டி அதே வழியில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

“பிராந்திக் கடைய எடுத்து மூணு மாசம் கழிச்சும் உங்கப்பன் சாயங்காலமானா அதே எடத்துல போயி நின்னாரே, அந்த மாதிரியா?” என்று கேட்டேன்.

அவள் கீரையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “அதே மாதிரிதாம்மா.”

இனி அப்படி இருக்காது என்றாள். பெட்டிகளே ஒன்றோடொன்று பேசி, யாருக்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும். ஒரு வழி அடைத்தால் தானாக இன்னொரு வழியைப் பிடிக்கும். அதற்கு ஓ.எஸ்.பி.எஃப். என்று பெயராம். யூனியன் பெயர் மாதிரி இருக்கிறது, கொடி என்ன கலர் என்றேன். பேத்தி மட்டும் சிரித்தாள். மகள் ஏற்கெனவே வேறு யோசனைக்குப் போய்விட்டிருந்தாள்.

மெஷின் ஓடுகிற நாளில் இந்த வேலையைச் செய்ய முடியாது, நடுவில் ஏதாவது நின்றால் தலை போய்விடும். அதனால் ஆயுத பூஜையன்று வைத்துக்கொண்டாள். ஹெட் ஆபீசிலும் குடோனிலும் முதல் நாள் சாயங்காலம் மெஷின் நின்றதுமே முடித்துவிட்டாள். மில் பெட்டி மட்டும் பாக்கி.

அன்று வெள்ளிக்கிழமை. மெஷின்களை முந்தின சாயங்காலமே நிறுத்திவிட்டார்கள். மில் ஓடாதபோது அங்கே இருப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. அந்த இரைச்சல் நின்றுவிட்டால் சொந்த மூச்சே பெரிதாகக் கேட்கும். மகள் வருகை பதிகிற டைம் ஆபீசுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ரூமில், காலி நூல் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். அதிலிருந்து ஒரு நீல வயர் பெட்டிக்குள் போயிருந்தது. நான் வாசலில் துடைத்துக்கொண்டே எட்டி எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு வரி அடிப்பாள், நிறுத்துவாள், கையில் இருக்கிற தாளைப் பார்ப்பாள், உதட்டைக் கடிப்பாள், அடுத்த வரி அடிப்பாள். சின்ன வயதில் கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போதும் அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டாள். திரையில் ஒரே மாதிரியான வரி கீழே கீழே வந்துகொண்டிருந்தது. மில்லுக்கும் ஹெட் ஆபீசுக்கும் போக்குவரத்து இருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. ரோட்டுக் கேபிளைப் பிடுங்கப்போகிறேன், வரி நின்றுவிடும், மறுபடி எப்போது வருகிறது என்று எண்ணிச் சொல் என்றாள். பெட்டிகள் பத்து செகண்டுக்கு ஒரு தடவை நான் இருக்கிறேன் என்று பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். நாற்பது செகண்டுக்குச் சத்தம் இல்லையென்றால் அந்தப் பக்கம் ஆள் இல்லை என்று முடிவு கட்டி வேறு வழியில் போய்விடுமாம்.

சுவரோரம் ரோட்டுக் கேபிள் வந்து சேர்கிற இன்னொரு சின்ன டப்பாவிலிருந்து அவள் கேபிளை எடுத்தாள். வரி நின்றது. நான் எண்ணினேன். பத்து, பதினைந்து, இருபது. அவள் திரையைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு எண்ணும்போது வரி மறுபடி வந்தது. டேங்க் மேலிருக்கிற டிஷ் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக அந்த வரிகளையே பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வெளிச்சம். அதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

“நாப்பது செகண்டுல ஒரு தகரப் பொட்டிக்குத் தெரிஞ்சது, மூணு வருசமா உனக்குத் தெரியலயேடி” என்றேன்.

அவள் கையை இறக்கினாள். பிடுங்கிய கேபிளைத் திரும்பச் செருகினாள்.

“பொட்டிக்கு ரெண்டு வழி இருக்கும்மா” என்றாள். “எனக்கு எங்க இருக்கு?”

 நான் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

பதினோரு மணிக்கு அவள் கிளம்பினாள். மதியம் ஹெட் ஆபீஸ் பூஜைக்கு எல்லோரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ரூமைப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்தாள், அது எப்போதும் என் இடுப்பில் இருக்கிற சாவி. நாளைக் காலை வரை இந்த ரூமைத் திறக்க வேண்டாம், கூட்டக்கூட வேண்டாம் என்றாள். கூட்டினால் உன் பெட்டிக்குத் தும்மல் வருமா என்று கேட்டேன். விளையாடாதே, சொல்வதைக் கேள் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவள் எனக்குச் சொல்லாத ஒன்று இருந்தது. அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பெட்டிக்குள் எழுதியதை அவள் சேவ் பண்ணவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான். சேவ் பண்ணாமல் ஒரு நாள் ஓட விட்டுப் பார்ப்பார்களாம். ஏதாவது கோளாறு என்றால் பெட்டியை அணைத்துப் போட்டால் போதும், எழுதியது எல்லாம் மறந்து பழையபடி ஆகிவிடும். நன்றாக ஓடினால் பிறகு சேவ் பண்ணிக்கொள்ளலாம். பெங்களூரில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். அங்கே பெட்டிகள் இருக்கிற ரூமுக்கு என்னை மாதிரி ஒருத்தி சாவி வைத்திருக்க மாட்டாள்.

மதியம் மில்லில் பூஜை வேலை மும்முரமாக இருந்தது. ஒவ்வொரு மெஷினையும் கரண்ட் நிறுத்தி, காற்றடித்துப் பஞ்சைப் போக்கி, ஈரத்துணியால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டார்கள். ஓட்டுகிற ஆளுக்கு அந்த மெஷின்தான் சோறு. அதனால் போட்டி. என் மெஷின் பொட்டு பெரிதா உன் மெஷின் பொட்டு பெரிதா என்று பார்ப்பார்கள். சிறுமலை வாழைப்பழம் தார் தாராக வந்து இறங்கியிருந்தது. பொரியும் கடலையும் மூட்டையில் இருந்தன. தராசுக்குப் பொட்டு, தள்ளுவண்டிக்குப் பொட்டு, வாட்ச்மேன் சைக்கிளுக்குப் பொட்டு. என் விளக்குமாற்றுக்கே ஒரு பெண் குங்குமம் வைத்து, உனக்கு இதுதான் ஆயுதம் ஆத்தா என்றாள். நாக்குக்கும் ஒரு பொட்டு வை என்று நீட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்குத் தோன்றியது. மில்லில் இருக்கிற ஆணி வரைக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது, என் மகள் பெட்டி மட்டும் பூட்டிய ரூமுக்குள் மொட்டை நெற்றியோடு உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்ததும் மனசுக்கு என்னவோ போலிருந்தது. எல்லோருக்கும் எல்லாம் நடந்து, அவளுக்கு மட்டும் ஒன்று விட்டுப்போவது எனக்குப் பழக்கமான காட்சி. இதிலுமா என்று நினைத்தேன். ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

திறக்காதே என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். நானும் மற்றவளா என்ன.

சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் ரூமைத் திறந்தேன். பெட்டியின் முகமெல்லாம் பஞ்சுத் தூசி. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துடைப்பதென்றால் கரண்டை நிறுத்த வேண்டும். பதினெட்டு வருடமாக மில்லில் எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம் அதுதான், அதில் நான் தவறியதே இல்லை. கரண்ட் போய் வந்தால் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது என்பதும் தெரியும். கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி கெட்டுப்போயிருந்த காலத்தில் அது எத்தனையோ தடவை அணைந்து எரிந்திருக்கிறது. சுவரில் பேட்டரிக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த சுவிட்சைத் தட்டினேன். பச்சை விளக்குகள் ஒரே நேரத்தில் கண்ணை மூடின. நன்றாகத் துடைத்து, மூன்று இடத்தில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, ஓரத்தில் ஒரு செவ்வந்திப் பூவைச் செருகினேன். என் மகளை இங்கேயே இருக்க வை என்று அந்தப் பெட்டியிடமே கேட்டேன். வேறு சாமி படம் அந்த ரூமில் இல்லை.

பூஜை போட்ட ஆயுதம் கொஞ்ச நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும். அதனால் அப்படியே விட்டுவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது போய் சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன. திருப்தியாகப் பூட்டிவிட்டு வந்தேன்.

அவள் அதே சாயங்காலம் லேப்டாப்பில் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க முடியவில்லை. ஹெட் ஆபீஸ் பூஜையில் கணக்குப் புத்தகத்தோடு அவள் லேப்டாப்பையும் வாங்கி சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள். மறுநாள் காலை மறுபூஜை போடும் வரை யாரும் தொடக் கூடாது. முதலாளியின் மனைவியே கை நீட்டி வாங்கினாராம். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமான ஒருத்தி அதை எப்படிக் கொடுக்க மாட்டேன் என்பாள். ராத்திரி சாப்பிடும்போது, கை ஒடிந்த மாதிரி இருக்கிறது என்றாள். பெட்டியெல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்று நான் தைரியம் சொன்னேன். பொட்டு வைத்ததைச் சொல்லவில்லை. காலையில் அவளே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, விஜயதசமி. வருடா வருடம் அன்று காலையில் முதல் லோடு கிளம்ப வேண்டும். திருப்பூருக்குப் போகிற லாரிக்கு வாழைக்கன்று கட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது மணிக்கு ராகு காலம். அதற்குள் லாரி கேட்டைத் தாண்டினால் வருடம் முழுக்க வியாபாரம் நிற்காமல் ஓடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. அவர் அப்பா காலத்திலிருந்து ஒரு வருடமும் தவறியதில்லை. வெள்ளை வேட்டியில் ஏழரைக்கே வந்து கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எட்டு மணிக்கு பில் போடப் போனால் பில் வரவில்லை. ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பிடிக்கவே முடியவில்லை. மேனேஜர் மகளுக்குப் போன் அடித்தார். அவள் அங்கே மறுபூஜை முடிவதற்காக லேப்டாப்புக்கு எதிரில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள். சூடம் காட்டி முடிக்க எட்டரை ஆகிவிட்டது. திண்டுக்கல்லிலிருந்து அகரத்துக்கு அவள் ஸ்கூட்டியை எப்படி ஓட்டி வந்தாளோ தெரியாது, பத்து நிமிடம் குறைய ஒன்பதுக்கு வந்துவிட்டாள். முதலாளி வாட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார்.

நான் மாப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். கேபிள் பக்கம்தான் கோளாறு என்று நினைத்து அவள் முதலில் டப்பாவையும் வயரையும் ஆராய்ந்தாள். அதில் ஐந்து நிமிடம் போய்விட்டது. பிறகு பெட்டியைப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. நடுப் பொட்டில் என் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருந்தது. அவள் அதையே பார்த்தாள். லேப்டாப்பை மாட்டி ஏதோ இரண்டு வரி அடித்தாள். வந்த பதிலைப் படித்ததும் தோள் இரண்டும் கீழே இறங்கின. அணைத்ததில் அவள் எழுதியது அத்தனையும் போய், மில் பெட்டி மட்டும் பழைய பெட்டியாகிவிட்டது. மற்ற இரண்டு பெட்டிகளும் புது முறையில் பேசிக்கொண்டிருந்தன. இது அவற்றுக்கு நடுவில் ஊமையாக உட்கார்ந்திருந்தது.

வெளியே மேனேஜர் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் துப்பட்டா நுனியால் மூன்று பொட்டையும் அழுத்தித் துடைத்தாள். பூவை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்னம்மா ஆச்சு என்று மேனேஜர் கேட்டார்.

“நேத்து எழுதுனத சேவ் பண்ணாம விட்டுட்டேன் சார். பொட்டி அமந்து எந்திரிச்சதுல எல்லாம் போயிருச்சு. எந் தப்புதான்.”

“சரி, பூட்டுன ரூம்ல பொட்டி எப்படிம்மா அமரும்? யாரு அமத்துனது?”

அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அந்தப் பார்வைக்கு நான் ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்கும் வேலை போக வேண்டாம் என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. எல்லாருக்கும் பதில் வைத்திருக்கிற நான், மாப்பை வாளிக்குள் விட்டு முக்கிப் பிழிந்தேன்.

“கரண்டு எதுவும் போயிருக்கும் சார்” என்றாள் அவள். திரும்பி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள்.

எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, இந்தத் தடவை சேவ் பண்ணி, பில் மெஷினிலிருந்து தாள் வெளியே வந்தபோது மணி ஒன்பது பன்னிரண்டு. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டிருந்தார். ராகு காலம் முடிந்து பத்தரைக்கு மேல்தான் லாரியை எடுத்தார்கள். பூசணிக்காய் உடைக்க அவர் திரும்பி வரவில்லை. மேனேஜர் உடைத்தார்.

திட்டு ஒன்றும் விழவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். வேலையில் குறை என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரமே ரோட்டுக் கேபிள் மறுபடி அறுந்தது, பெட்டிகள் தாமாக டேங்க் வழியைப் பிடித்துக்கொண்டன, ஒரு லாரிகூட நிற்கவில்லை. அது நடந்தது என்று அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியவே இல்லை. ஆனால் ஆபீசில் ஒரு வார்த்தை நடமாடிக்கொண்டிருந்தது. கேண்டீனில் டம்ளர் கழுவும்போது என் காதில் விழுந்தது. கைராசி இல்லாத பொண்ணு என்றார்கள். புருஷன் விஷயத்தையும் சேர்த்துப் பேசினார்கள். அம்புட்டு வருஷம் நிற்காத லோடு இவள் கைபட்டு நின்றதே என்றார்கள். கை பட்டது என் கை. ராசி போனது அவள் ராசி.

தீபாவளி முடிந்து ஆறு மாதம் நிறைந்தது. நீட்டிக்கவில்லை என்று மேனேஜர் அவளைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் சொல்லிவிட்டு, பேத்திக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னினாள்.

மறுநாள் நான் மேனேஜர் ரூமுக்குப் போனேன். கையில் விளக்குமாறு இல்லாமல் அந்த ரூமுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. சார், அன்றைக்குப் பெட்டியை அணைத்தது நான்தான், பொட்டு வைக்கிறதற்காக அணைத்தேன், என் மகள் திறக்காதே என்று சொல்லியும் திறந்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“பாம்பு கத மாதிரி இதுவும் நல்லாத்தான் இருக்கு ஆத்தா” என்றார்.

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பெற்றவள் மகளுக்காக எதையும் சொல்வாள் என்பது தனக்குப் புரிகிறது என்றார். அவளே தன் வாயால் தன் தப்பு என்று ஒத்துக்கொண்டிருக்கிறாள், இனி வேறு யார் வந்து சொன்னாலும் முதலாளி காதில் ஏறாது, அவருக்கு அந்த நேரம் தவறினதுதான் விஷயம் என்றார். பொட்டு வைத்த அடையாளம்கூட இல்லையே ஆத்தா என்றார். அதைத் துடைத்தது யார் என்று நான் எப்படிச் சொல்வது. சாட்சிக்கு என் கட்டைவிரல்தான் இருந்தது. அதையும் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

கோயம்புத்தூரில் அவளுக்கு வேலை கிடைத்தது, கூடப் படித்தவள் ஒருத்தி மூலமாக. அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த ஒரு மாதமும் வீட்டில் சோறு, குழம்பு, வெஞ்சனம், பள்ளிக்கூடம், மழை என்று பேச்சு இருந்தது. அந்தப் பெட்டியைப் பற்றி மட்டும் பேச்சில்லை. நான் வேடிக்கை சொன்னால் பேத்தி மட்டும் சிரிப்பாள், பிறகு அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் நிறுத்திக்கொள்வாள்.

கிளம்பின அன்று காலை திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே போனேன். பழனி வழியாகப் போகிற கோயம்புத்தூர் பஸ். பேத்தி ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாச்சி, நீயும் ஏறு என்றாள். டிரைவர் என்னைப் பார்த்துப் பயந்துவிடுவார் என்றேன். மகள் பையை மேலே ஏற்றி வைத்துவிட்டு கீழே இறங்கி வந்து என் எதிரில் நின்றாள். நான் அவளுக்கு நல்லதுதான் செய்ய நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“தெரியும்மா. பொட்டு வச்சதுக்கு எனக்குக் கோவமே இல்ல” என்றாள். “சேவ் பண்ணாம விட்டது நாந்தான். அவரு கேட்டப்ப உன்னையவே பாத்துக்கிட்டு நின்னேன். நீ சொல்லுவேன்னு நெனச்சேன். எப்பப் பாத்தாலும் பேசுற வாயி.”

“நீ சொல்லாதன்னு பாக்குறேன்னுல்ல நான் நெனச்சேன்.”

“இல்லம்மா. சொல்லுன்னு பாத்தேன்.”

கண்டக்டர் விசிலடித்தார். அவள் ஏறிக்கொண்டாள். ஏறும்போது என் தோளை ஒரு தடவை பிடித்து விட்டாள், அழுத்தமாக இல்லை, கூட்டத்தில் பிடிமானத்துக்குப் பிடிப்பது மாதிரி. பஸ் வளைந்து ரோட்டுக்கு வந்தது. பேத்தியின் கை கொஞ்ச தூரம் தெரிந்தது. மலைக்கோட்டைப் பக்கம் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பிரியாணிக் கடைக்காரர்கள் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மதிய ஷிப்ட். தாடிக்கொம்பு வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

மில்லில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ரூமுக்குப் போய் வாசலை மட்டும் கூட்டினேன். உள்ளே பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன, எல்லாம் அவள் எழுதியபடி. மேனேஜர் அந்தப் பக்கமாக வந்தவர், பொண்ணு கிளம்பிட்டாளா ஆத்தா என்று கேட்டார். பக்கத்தில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

“போயிட்டா சார்” என்றேன். “என்னைய இங்கனயே விட்டுட்டுப் போயிருக்கா. இனி கோயமுத்தூருல அவ பொட்டிக்கு ஒண்ணும் ஆகாது.”

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துக்கொண்டே போனார்.